சும்மா ஆள்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாய் எதற்கு இருக்கிறது என்று அர்த்தநாரிக்கு விளங்கவில்லை. தின்பதற்கும் கொட்டாவி விடுவதற்கும் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். தயிருக்கு உறை ஊற்றப் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி மோர் கேட்பதென்றால்கூட, சுவரைத் தாண்டி ஒரு குரல் கொடுப்பதில்லை. சுவரில் மாட்டியிருக்கிற பெட்டியிடம் சொல்கிறார்கள். பெட்டி அடுத்த வீட்டுப் பெட்டியிடம் சொல்கிறது. அந்த வீட்டுக்காரியும் பெட்டியிடமே பதில் சொல்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் இடுப்பு உயரச் சுவர்தான். மோர் வந்து சேருவதற்குள் பால் திரிந்துவிடும்.

செம்மாம்பாறை ரிக் வண்டிகளின் ஊர். போர்வெல் போடுகிற அந்தப் பெரிய லாரிகள் இங்கிருந்து புறப்பட்டு வடநாடு முழுக்கப் போகும். போனால் மாதக்கணக்கில் திரும்பாது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு அந்த வண்டியில் ஏறியவர் அர்த்தநாரி. முழங்கால் தேய்ந்த பிறகுதான் இறங்கினார். காலடியில் கிடக்கிற பாறையையே நம்பாத மனுசன், சுவரில் பேசுகிற பெட்டியை எங்கே நம்பப் போகிறார்? மகள் கட்டாயப்படுத்தி மாட்டிவிட்டுப் போனதால் அது இருந்தது. காலையில் எழுந்ததும் அவர் அதனிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"வடக்கு வீதியில கரண்டு இருக்குதா?"

"இருக்குங்க ஐயா."

அவ்வளவுதான். அவர் வீடு மேற்கு வீதியில். வடக்கு வீதியில் கரண்டு போனால் கொஞ்ச நேரத்தில் இங்கேயும் போய்விடும், அதற்காகத்தான் கேட்கிறேன் என்று மகளிடம் சொல்லியிருந்தார்.

அப்பேர்ப்பட்டவர் பேர்தான், ஊர்ப் பெட்டிகளைக் கவனிக்க ஊர்க்காரர் ஒருவரை எடுக்கிற குலுக்கலில் விழுந்தது.

பழைய டெலிபோன் ஆபீஸ் கட்டடத்தில் ஊர் சர்வர் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் ஜெமீலா என்கிற இன்ஜினியர் பெண், சுவரில் இருந்த திரைப் பலகைக்கு முன்னால் அவருக்கு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"என்னைய எதுக்கு அம்மிணி கூப்பிட்டு விட்டீங்க? நான் நாலாப்பு."

"சட்டமுங்கய்யா. எங்க கையில மட்டும் விட்டா நாங்க இஷ்டத்துக்கு ஆளுகளை நிறுத்திப்போடுவமாம். ஊர்க்காரர் ஒருத்தரும் கை வெச்சாத்தான் இந்தப் பலகை தெறக்கும். ஒரு வருசத்துக்கு நீங்கதானுங்க."

"உங்களை நம்பாம என்னைய நம்பறாங்களா? அப்ப சட்டம் போட்டவன் நம்ம ரெண்டு பேரையும் பாத்ததில்லை. சரி, எந்த ஆளுக?"

"வீட்டுப் பெட்டியில பேசறது எல்லாம் இங்கதான் வருதுங்க. சர்வருக்குள்ள வரிசையா ஆளுக நிக்கறாங்கன்னு வெச்சுக்கங்க."

அர்த்தநாரி கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்தார். கறுப்பு அலமாரிகளும் பச்சைப் பொட்டு விளக்குகளும்தான் தெரிந்தன. "ஒருத்தனையும் காணமே."

"நெசமான ஆளு இல்லீங்க. ப்ரோகிராம். பேச்சுக்கு ஆளுன்னு சொல்றது. பஸ் ஆளு, கரண்டு ஆளு, தண்ணி ஆளு, ஆஸ்பத்திரி ஆளு, இப்படி. ஒரு கேள்வி உள்ள வந்தா மொதல்ல நிக்கற ஆளு பாக்கும். தன்ற சோலியா இருந்தா எடுத்துக்கும். இல்லீன்னா அடுத்த ஆளுக்குத் தள்ளி விட்டுரும். கடைசி வரைக்கும் ஆரும் எடுக்கலீன்னா, 'மன்னிக்கணும், இதுக்கு இங்க ஆளில்லை'ன்னு பதில் போயிரும்."

"தாலுக்கா ஆபீசாட்டம்னு சொல்லு."

ஜெமீலா சிரித்துவிட்டாள். "ஆமாங்க. எந்த ஆளு ஓடலாம், எது நிக்கணும், எது முன்னால எது பின்னால, அதெல்லாம் இந்தப் பலகையில இருக்குது."

பலகையில் வரிசையாகப் பெயர்களும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சை விளக்கும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, தலைமாட்டில் நின்ற பெயரை அவள் தொட்டுக் காட்டினாள்.

"இதுக்கு வாயில நுழையாத பேரு ஒண்ணு இருக்குதுங்க. நாங்க சும்மா ஆளுன்னு சொல்லுவோம். நம்மூர்ல ஆருங்க எதையும் நேரா கேக்கறாங்க? ஊட்டுக்கு ஒறம்பரை சனம் வந்தா காப்பி குடிச்சு, மழை பேசி, மாடு பேசி, செருப்பு மாட்டறப்பதான் வந்த சோலியைச் சொல்லுவாங்க. அதுக்கு மின்ன 'என்ன விசயம்?'னு கேட்டா 'சும்மாதான்'பாங்க. பஸ் ஆளுக்கு இது புரியுமா? கேட்ட கேள்விக்குப் பின்னால கேக்காத கேள்வி ஒண்ணு இருந்தா, இந்த ஆளு எடுத்துக்கும். அதுக்குத்தான் மொதல்ல நிறுத்தியிருக்குது."

"கேக்காததுக்குப் பதில் சொல்ல இது ஆரு?" என்றார் அர்த்தநாரி. "கேட்டதுக்கே பதில் சொல்ல வக்கில்லை."

மறுநாள் காலையிலேயே அது தன் வேலையைக் காட்டியது.

"வடக்கு வீதியில கரண்டு இருக்குதா?"

"இருக்குங்க ஐயா." வழக்கமாக அத்தோடு நிற்கிற பெட்டி, அன்றைக்குக் கொஞ்சம் தயங்கி மறுபடி பேசியது. "ஐயா, கோவிச்சுக்காதீங்க. வடக்கு வீதி வையாபுரி ஐயா தெனமும் உங்க வீதியில தண்ணி வருதான்னு கேக்கறாருங்க. அவருக்கு உங்க வீதித் தண்ணி எதுக்குங்க? உங்களுக்கு ஏதாச்சும் சொல்லோணும்னா நான் சொல்லீர்றேன்."

அர்த்தநாரிக்கு உச்சி மயிர் நட்டுக்கொண்டது. "உன்ற வாயில மண்ணைப் போட! ஆருடா உன்னையக் கேட்டா?" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெட்டி மேல் வீசினார். அது பெட்டியை மூடிக்கொண்டு தொங்கியது. அன்று முழுக்க அப்படியே விட்டிருந்தார்.

வையாபுரியும் அவரும் ஒரே வண்டியில் காலம் தள்ளியவர்கள். ஒரே தட்டில் தின்றவர்கள். நெம்புகோலில் அர்த்தநாரி நின்றால், குழியிலிருந்து வரும் புழுதியைக் கையில் ஏந்தி மோந்து பார்த்து "இன்னும் போ, நிறுத்து" என்று சொல்கிறவன் வையாபுரி. ஒருமுறை சத்தீஸ்கர் பக்கம் ஒரு காட்டில், மேலே கலங்கல் தண்ணீர் கசிந்தது. குழாய் இறக்கி அதை அடைத்துவிட்டால் கீழே பாறையில் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று அர்த்தநாரி சொன்னார். அதுதான் தொழில் முறை. வையாபுரி வேண்டாம் என்றான். "இந்தப் பூமிக்கு இந்த மேலூத்துதான்டா. இதை அடைச்சீன்னா கீழ புகைதான் வரும்." அர்த்தநாரி அடைத்தார். கீழே தண்ணீர் இல்லை, வறண்ட பாறைத் தூள்தான் புகையாக வந்தது. வையாபுரி அதைச் சொல்லிக்காட்டவே இல்லை. நிலத்துக்குச் சொந்தக்காரனான அந்தக் காட்டுக்காரன் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டாமல் இரண்டு பேரும் வண்டியில் ஏறினார்கள்.

அப்படிப்பட்ட சிநேகம் ஒரு வார்த்தையில் அறுந்தது. சொன்ன வார்த்தையில் அல்ல, சொல்லாத வார்த்தையில்.

அர்த்தநாரியின் சம்சாரம் நாச்சாயி செத்தபோது வையாபுரி வடக்கே எங்கோ மலைக்காட்டில் வண்டியோடு இருந்தான். தாக்கல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அவன் வந்து நின்றபோது கருமாதி முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த அர்த்தநாரி அவனைப் பார்த்தார். வா என்று சொல்லவில்லை. துக்க வீட்டில் வருகிறவர்களை வா என்று அழைக்கிற வழக்கம் கிடையாது. போகிறவர்களும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கருமாதி முடிந்த வீடு துக்க வீடு அல்ல என்பது ஊர் வழக்கம். வையாபுரி அந்த வழக்கப்படி நின்றான். அர்த்தநாரிக்கு இன்னும் துக்கம் முடியவில்லை. எப்போது முடிய வேண்டும் என்று ஊரா சொல்வது? வையாபுரி கொஞ்ச நேரம் நின்றான், திரும்பிப் போய்விட்டான். "நின்னவனை வான்னு கேக்கலை" என்று அவன் யாரிடமோ சொன்னதாகக் காதுக்கு வந்தது. "வந்தவன் நாலெட்டு உள்ள வந்தா கால் தேஞ்சா போயிரும்?" என்று இவர் யாரிடமோ சொன்னார். வருடங்கள் ஓடிவிட்டன. இரண்டு வீதிக்கும் நடுவில் ஒரு பிள்ளையார் கோயிலும் ஒரு மாவு மில்லும்தான்.

அதற்குள் பெட்டி மூக்கை நுழைக்கிறதாம்!

அவருக்கு மட்டும் நடந்திருந்தால் துண்டைப் போட்டு மூடியதோடு விட்டிருப்பார். பலகையைத் திறக்கும் உரிமை இவர் கையில் என்று தெரிந்ததும் ஆட்கள் வீடு தேடி வந்து புலம்பினார்கள். மாவு மில்காரர் வீட்டு மருமகள், சேலம் பஸ் எத்தனை மணிக்கு என்று இரண்டு மூன்று நாள் கேட்டாளாம். புருசன் வீட்டில் ஏதோ சங்கடம் என்று நினைத்துச் சும்மா ஆள் அவள் தாய்க்குத் தாக்கல் சொல்லிவிட, தாய் வீட்டார் வேன் பிடித்து வந்து இறங்கிவிட்டார்கள். "சேலத்துல சேலைக்குத் தள்ளுபடின்னு கேட்டிருக்காளுங்க! அதுக்குள்ள என்ற மானம் ரோட்டுக்கு வந்துருச்சு" என்று மில்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

அர்த்தநாரி டெலிபோன் ஆபீசுக்குப் போனார். "அம்மிணி, அந்த மொத ஆளை நிறுத்து."

ஜெமீலா உடனே கை வைக்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுங்கய்யா. போன மாசம் ஒரு பையன் கல்லுக்குழித் தண்ணி எவ்வளவு ஆழம்னு கேட்டான். தண்ணி ஆளு கையில போயிருந்தா அடிக்கணக்கு சொல்லியிருக்கும். சும்மா ஆளு அவங்க சித்தப்பாவைக் கூப்பிட்டு விட்டுச்சு. அந்தப் பையன் இன்னைக்குக் காலேஜ் போறான்."

"மீன் புடிக்கக் கேட்டிருப்பான்."

"இருக்கலாமுங்க. அது தெரியாதுங்க."

"தெரியாதில்ல? அப்பறம் என்ன. மேல கலங்கல் வந்தா குழாய் எறக்கி அடைக்கோணும். அப்பத்தான் கீழ இருக்கற தண்ணி சுத்தமா வரும். கரண்டுன்னு கேட்டா கரண்டு, பஸ்ஸுன்னு கேட்டா பஸ்ஸு. அது போதும்."

"நிறுத்தினா கேள்வி நிக்காதுங்கய்யா. அடுத்த ஆளுக்குப் போயிரும். அது கேட்டதுக்குச் சரியான பதிலைத்தான் சொல்லும். அதுலதான் வினையே. தப்பான பதில் வந்தா கேட்டவங்க சண்டைக்கு வருவாங்க. சரியான பதில் வந்தா சும்மா போயிருவாங்க. நமக்குத் தெரியவே தெரியாது." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "அப்படி நிறுத்தறதா இருந்தா ஊருக்கு ஒரு அறிவிப்பாச்சும் குடுத்துர்லாமுங்க."

"வாயை மூடறதுக்குத் தண்டோரா போடுவாங்களா? நிறுத்து."

அவர் கை வைத்தார். அவளும் கை வைத்தாள். தலைமாட்டு விளக்கு பச்சையிலிருந்து சாம்பல் நிறத்துக்குப் போனது. சத்தம்கூட வரவில்லை. ஒரு மோட்டாரை நிறுத்தினால்கூட ஒரு முனகல் இருக்கும்.

ஊர் அமைதியாகிவிட்டது. மில்காரர் ஒரு சீப்புப் பழத்தோடு வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். அர்த்தநாரி காலையில் துண்டை விலக்கிக் கேட்பார். "வடக்கு வீதியில கரண்டு இருக்குதா?" "இருக்குங்க." ஐயாவும் கிடையாது, வாலும் கிடையாது. அதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டார். ஓரொரு நாள், பதில் வந்த பிறகும் பெட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருப்பார். எதற்கு என்று அவரைக் கேட்க அங்கே யாருமில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் பெட்டி தானாகவே பேசியது. ஊரில் சாவு விழுந்தால் எல்லா வீட்டுக்கும் சொல்கிற ஆள் ஒன்று உண்டு, அதன் குரல். "வடக்கு வீதி வையாபுரி காலமானார். எடுப்பு இன்று சாயங்காலம்."

எடுப்புக்குப் போனார். கூட்டத்தின் ஓரத்தில், மில் சுவரோரமாக நின்றார். பாடை அவரைத் தாண்டிப் போகும்போது செருப்பைக் கழற்றினார். அவர் செய்தது அவ்வளவுதான்.

சில நாள் கழித்து, ஜனம் குறைந்த பிறகு, துக்கம் கேட்கப் போனார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வையாபுரி சம்சாரம் பாவாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. சொல்லக் கூடாது. அது முறை. முறை தெரிந்திருந்தும் அர்த்தநாரிக்குக் கால் நகரவில்லை. பிறகு எப்படியோ அந்த நாலெட்டை எடுத்து வைத்து உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார்.

பாவாயிதான் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, நீங்க ஏன் கேக்கறதை நிறுத்திட்டீங்க?"

"எதை?"

"கரண்டு இருக்குதான்னு."

அர்த்தநாரி அவளையே பார்த்தார்.

"தெனமும் காத்தால எங்கூட்டுப் பெட்டி சொல்லுமுங்க. 'மேக்கு வீதி அர்த்தநாரி ஐயா உங்க வீதியில கரண்டு இருக்குதான்னு கேட்டாருங்க'ன்னு. இவரு சிரிப்பாரு. 'என்ற ஊட்டுக் கரண்டு மேல அந்தக் கிறுக்கனுக்கு என்ன அக்கறை பாரு பாவாயி'ன்னுவாரு. அவரும் உடனே உங்க வீதித் தண்ணியக் கேப்பாரு. கேட்டுப்போட்டு, குளிச்சு, வெள்ளை வேட்டி கட்டி, வாசல்ல சேரைப் போட்டு உக்காந்துக்குவாரு. 'இன்னைக்கு வந்தாலும் வருவான். வந்தா நான் மொதல்ல வான்னு சொல்லிப்போடோணும். அவனாட்டம் இருக்கக் கூடாது'ன்னு. நெஞ்சு வலிக்காரர்னு பேரு, அந்தச் சேர்ல உக்கார்றப்ப ஒரு வலியும் சொன்னதில்லீங்க."

முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆடி மாசம் போலப் பெட்டி சொல்றதை நிறுத்திருச்சு. தட்டித் தட்டிப் பாத்தாரு. ரிப்பேர்க்காரர் வந்து பாத்துப்போட்டு, பெட்டி நல்லாத்தான் இருக்குதுன்னுட்டாருங்க. இவரு அப்பறமா சொன்னாரு, 'பெட்டி மேல தப்பில்லை பாவாயி. அவன் கேக்கறதை உட்டுட்டான்.' சேரை எடுத்து உள்ள வெச்சுட்டாருங்க. ஆனாக்க உங்க வீதித் தண்ணியக் கேக்கறதை மட்டும் இவரு உடலை. வருது வருதுன்னு அதும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

"நான் நிறுத்தலை தங்கச்சி." என்றார் அர்த்தநாரி. "தெனமும் கேட்டேன். இன்னைக்குக் காத்தாலகூடக் கேட்டேன்."

"அப்பறம் ஏனுங்கண்ணா அவருக்கு வல்லை?"

வாசலுக்கு உள்பக்கம், சுவரோரமாக அந்தச் சேர் இருந்தது. பச்சை பிளாஸ்டிக் நாற்காலி. அதைப் பார்த்தபோது அவருக்கு வையாபுரியின் முகம் வரவில்லை. சத்தீஸ்கர் காட்டுக்காரனின் முகம்தான் வந்தது, வாயில் துண்டை வைத்துக்கொண்டு புகையைப் பார்த்தபடி நின்ற முகம். பதில் சொல்ல வாயைத் திறந்தார். அடைத்தது நான்தான் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். இரண்டும் வரவில்லை. எழுந்தார். துக்க வீடு, சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. அந்த வழக்கத்துக்குள் ஒளிந்துகொண்டு வெளியே வந்தார்.

நேராக டெலிபோன் ஆபீசுக்குத்தான் போனார். ஜெமீலா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள். நடந்ததை அவர் துண்டு துண்டாகச் சொன்னார். யார் மேல் கோபம் என்று தெரியாத மாதிரி, எல்லோரையும் திட்டிக்கொண்டே சொன்னார்.

"எனக்கு அவன் கேக்கறதைச் சொன்னது சரி. அவனுக்கும் என்றதைச் சொல்லுதுன்னு எனக்கு ஆரு சொன்னா? இதுக்கு எத்தனை வாய்?"

"நான் உங்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கோணுமுங்கய்யா. அது ரெண்டு பக்கமும் சொல்லும். அவரு கேட்டுச் சிரிச்சாரு, அவருக்குத் தெனமும் சொல்லுச்சு; நீங்க கோவிப்பீங்கன்னு உங்களுக்குச் சொல்லத் தயங்கியிருக்குது."

"இது ஒண்ணு இல்லாமலே இருந்திருந்தா அவன் நேரா வந்திருப்பான் அம்மிணி. இது தாக்கல் சொல்லுது சொல்லுதுன்னுதான் அவன் சேர்ல உக்காந்துக்கிட்டான். இல்லாட்டி நானாச்சும் போயிருப்பேன்."

ஜெமீலா மெதுவாகக் கேட்டாள். "போயிருப்பீங்களாங்கய்யா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெட்டி வருவதற்கு முன்னாலும் வருடங்கள் இருந்தன. அப்போதும் நடுவில் ஒரு கோயிலும் ஒரு மில்லும்தான்.

"மறுக்கா ஓட உடு" என்றார் கடைசியில். "எனக்கில்லை. கல்லுக்குழி ஆழம் கேக்கற பயலுக இருப்பானுக."

இரண்டு கையும் பலகையில் பதிந்தன. தலைமாட்டு விளக்கு பச்சையானது. இந்தத் தடவையும் சத்தமில்லை.

"ஓடுதான்னு ஒருக்கா கேட்டுப் பாருங்கய்யா. நீங்க எப்பவும் கேக்கறதையே கேளுங்க."

மேசை மேல் ஒரு பெட்டி இருந்தது. அர்த்தநாரி அதன் முன்னால் போய் நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். யாரிடமும் அவர் அப்படி நின்றதில்லை.

"வடக்கு வீதியில கரண்டு இருக்குதா?"

பெட்டி உடனே பேசவில்லை. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் கழிந்தது.

"இருக்குங்க ஐயா."

அவர் நின்றார். ஜெமீலாவும் நின்றாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"அவ்வளவுதானா?"

ஜெமீலா பலகையைப் பார்த்தாள். விளக்கு பச்சையாகத்தான் இருந்தது. "சும்மா ஆளுதானுங்க எடுத்திருக்குது. கரண்டு ஆளுக்குப் போகவே இல்லை. ஐயான்னு சொல்லுச்சில்லீங்க? அதுக்குப் புரிஞ்சிருக்குமுங்க. சொல்றதுக்கு இனி ஒண்ணும் இல்லைன்னு புரிஞ்சுதான் பேசாம இருக்குது."

"புரியலீன்னாலும் இதையேதான அம்மிணி சொல்லும்?"

"ஆமாங்கய்யா. புரிஞ்சுதா இல்லையான்னு நமக்குத் தெரியாதுங்க."

"அதைச் சொல்லு மொதல்ல" என்றார் அர்த்தநாரி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது, இன்னும் ஏதாவது சொல்லுமோ என்று காது அந்தப் பக்கமே இருந்தது. சொல்லவில்லை. அவரும் போய்வருகிறேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெயிலில் இறங்கி நடந்தார்.